மழையும் முதுமையும்: கம்பம் பள்ளத்தாக்கின் இலக்கியத்தில் ஒரு பார்வை

மழை பொய்த்த காலத்தில் ஊரார் திரண்டு திடலுக்குச் சென்று, அல்லாஹ்விடம் மழை வேண்டித் தொழுவதை ‘ஸலாத்துல் இஸ்திஸ்கா’ என்கிறோம். ஃபிக்ஹு நூல்களில் அத்தொழுகையின் பாடத்தை நடத்தும்போதெல்லாம் ஓரிடத்தில் நாம் சற்றே நின்றுவிடுவதுண்டு. புத்தாடை வேண்டா, நறுமணம் வேண்டா, பழைய உடையோடும் பணிந்த உள்ளத்தோடும் புறப்படுக என்று கூறும் அந்நூல்கள், தளர்ந்த முதியோரையும் சிறு பிள்ளைகளையும் கால்நடைகளையும் உடன் அழைத்துச் செல்வது விரும்பத்தக்கது என்றும் கூறுகின்றன. மற்ற நாள்களில் “நீங்கள் வீட்டிலேயே இருங்கள், உங்களால் நடக்க முடியாது” என்று நம்மால் திண்ணையில் இருத்தப்படும் முதியவர், மழை கேட்கப் போகும் நாளில் மட்டும் கைபிடித்து அழைத்துச் செல்லப்படுகிறார். ஏன்?

வரலாற்றிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் மதீனாவையும் சுற்றுப்புறங்களையும் கொடிய பஞ்சம் வாட்டியது. மண் சாம்பலாய்ப் பறந்த அந்த ஆண்டை ‘ஆமுர் ரமாதா’, அதாவது சாம்பல் ஆண்டு, என்று அரபு வரலாற்றாசிரியர்கள் குறிப்பர். அக்காலத்துக் கலீஃபாவாகிய உமர் (ரலி) அவர்கள், வறட்சி நேர்ந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையாகிய அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தி மழை வேண்டினார்கள் என்பதை அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரி பதிவு செய்திருக்கிறது. அப்பாஸ் (ரலி) அவர்கள் நபிகளாரைவிடச் சில ஆண்டுகள் மூத்தவர்கள். அப்பொழுது அவர்கள் நரைத்த முதியவர். ஒரு பேரரசின் தலைவர், வானத்தை நோக்கிக் கையேந்தும் வேளையில் தம் பக்கத்தில் தேடியது ஒரு முதியவரை என்பது நம் சிந்தனைக்குரியது.

மழைக்கும் முதுமைக்கும் உள்ள இந்த உறவு ஃபிக்ஹு நூல்களோடு நின்றுவிடவில்லை. தமிழ் இலக்கியத்திலும் அது ஓடுகிறது. அதிலும் தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும் ஈன்ற கவிதைகளிலும் கதைகளிலும் அது ஆழமாக ஓடுகிறது. அதன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

பள்ளத்தாக்கும் அதன் வானமும்

மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. வடக்கே பழனி மலை. கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். இவற்றின் நடுவே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊர்கள் வரிசையாக அமைந்த நெடிய பள்ளம் இது. போடிநாயக்கனூரும் பெரியகுளமும் மலையடிவாரத்தில் அமைந்து இதனோடு சேர்கின்றன. 1996ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தேனி தனி மாவட்டமாயிற்று.

இங்கு வானம் ஒரு புதிராகவே இருந்து வந்திருக்கிறது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால், கேரளப் பகுதியில் கொட்டித் தீர்த்துவிடும். மலையைக் கடந்து நம் பக்கம் வருவது குளிர்ந்த காற்றும் மெல்லிய சாரலுமே. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது தமிழகம் முழுதும் வழங்கும் பழமொழியாயினும், அதன் முழுப்பொருள் இப்பள்ளத்தாக்கில் ஓர் ஆடி மாதத்தைக் கழித்தவர்க்கே விளங்கும். நம் மண்ணுக்கு உரிய மழையோ ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்கிலிருந்து வருவது. அது பொய்த்தாலும் பொய்க்கும். கண்ணெதிரே மேற்கு மலை கருத்துக் குளிர்ந்திருக்க, காலடியில் மண் வெடித்துக் கிடப்பதே இப்பகுதி உழவரின் பழைய அனுபவம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும்பஞ்சம், வைகையை நம்பிய நாட்டையும் விட்டு வைக்கவில்லை. மேற்கே வீணாகக் கடலுக்குப் போகும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பலாமே என்னும் எண்ணம் அதற்கு நெடுங்காலம் முன்பே இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளைக்குத் தோன்றியதுதான். பஞ்சத்துக்குப் பின்னரே அது செயலாயிற்று. 1886 அக்டோபரில் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுகளுக்குக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நீர்த்தேக்கத்துக்காக 8,000 ஏக்கர் நிலம் குறிக்கப்பட்டது. மறு ஆண்டு பென்னிகுவிக் என்னும் பொறியாளரின் தலைமையில் பணி தொடங்கியது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு அணை எழும்பிற்று. வெள்ளம் வந்து தற்காலிகக் கரைகளை அடித்துச் சென்றது. காய்ச்சலாலும் காலராவாலும் தொழிலாளர் மாண்டனர். எல்லாவற்றையும் கடந்து 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைரவனாற்றில் இறங்கிய நீர், சுருளியாற்றோடு கலந்து வைகையை அடைந்தது.

அன்று தொட்டு இப்பள்ளத்தாக்கின் மழை இருவகையாயிற்று. ஒன்று, தலைமேல் பெய்யும் மழை. மற்றொன்று, மலைக்கு அப்பால் பெய்து வாய்க்காலில் வரும் மழை. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயலாக நிலைத்தது இரண்டாவது மழையாலேயே. நீர்மட்டம் போதுமானதாயிருக்கும் ஆண்டுகளில், முதற்போகத்துக்காக ஜூன் முதல் நாளில் மதகு திறப்பது வழக்கம். வானத்தைப் பார்த்து நாள் எண்ணிய உழவன், அணையின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் கேட்டு நாள் எண்ணலானான்.

பழைய ஏடுகளில்

நீரையும் முதுமையையும் ஒரே கண்ணால் காணும் மரபு தமிழில் மிகப் பழையது. வைகையின் வெள்ளத்தைப் பாடுவதற்கென்றே பரிபாடலில் தனிப் பாடல்கள் உள்ளன. இன்று முழுமையாகக் கிடைப்பனவற்றுள் எட்டு வைகைக்குரியவை. அவற்றில் புதுப்புனல் இளமையின் கொண்டாட்டமாக வருகிறது. ஆனால் புறநானூற்றின் 243ஆம் பாட்டு அந்தக் கொண்டாட்டத்தை மறுகரையிலிருந்து காண்கிறது. ஊன்றுகோலைப் பற்றிக்கொண்டு, இருமலுக்கு இடையே பேசும் ஒரு கிழவர், இளமையில் மருத மரக்கிளையிலிருந்து ஆழ்ந்த நீரில் குதித்து அடிமண்ணை அள்ளி வந்த நாளை நினைந்து இரங்குகிறார். பாடியவரின் இயற்பெயர் மறைந்து, பாட்டில் வரும் ஊன்றுகோலாலேயே அவர் ‘தொடித்தலை விழுத்தண்டினார்’ எனப் பெயர் பெற்றார். மன்னரும் போரும் மிகுந்த ஒரு தொகையில், கைத்தடி ஊன்றிய பெயர் தெரியாத முதியவர் ஒருவருக்கும் இடம் கிடைத்தது தமிழின் பெருமையாகும்.

அதே நூலின் 191ஆம் பாட்டில், ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் கூறுகிறார் பாண்டி நாட்டுப் புலவர் பிசிராந்தையார். மனைவி மக்களின் இயல்பு, ஏவலரின் பணிவு, அரசனின் நேர்மை, ஊரிலுள்ள சான்றோர் என்று அவர் அடுக்குவன யாவும் அன்றாட வாழ்வின் காரியங்களே. முதுமை என்பது உடம்புக்குள் மட்டும் நிகழ்வதன்று, வீட்டிலும் ஊரிலும் நிகழ்வது என்பதை ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே ஒரு தமிழ்ப்புலவர் கண்டிருக்கிறார்.

அரபு இலக்கியத்திலும் இத்தகைய காட்சி உண்டு. மத்ரஸாக்களில் ‘முஅல்லகாத்’ என்னும் பழங்கவிதைகளைப் பாடமாகப் படித்தோர், லபீத் இப்னு ரபீஆவை அறிவர். பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவி, நபித்தோழராகி, நெடுங்காலம் வாழ்ந்து முதிர்ந்தவர் அவர். கைவிடப்பட்ட குடியிருப்பில் பெய்த மழையையும் அதன்பின் ஓடிய வெள்ளத்தையும் அவர் பாடும்போது, மண்மூடிக் கிடந்த தடயங்களை வெள்ளம் வெளிக்கொணர்வதை, மங்கிய ஏட்டின் எழுத்தின்மேல் மீண்டும் பேனா ஓடுவதற்கு ஒப்பிடுகிறார். மழை அவருக்கு நினைவை மீட்டுத் தரும் எழுத்தராகிறது.

நம் உமறுப் புலவரோ சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில், மேகம் நீர் முகந்து மலையில் பொழிவதையும், ஆறு பெருகி வயல் நிறைவதையும் அரபு நாட்டின் வருணனையாகவே பாடினார். பாலைநிலத்துக்குத் தமிழ் மழையை அனுப்பி வைத்தார் எனலாம். தாம் நேசித்த நாட்டுக்குத் தம்மிடமிருந்த விலைமதிப்பற்ற பொருளைக் காணிக்கையாக்கும் தமிழ் உழவரின் மனமே அங்குப் பேசுகிறது.

இவை அனைத்துக்கும் மேலாகத் திருமறையின் ‘அர்ரூம்’ அத்தியாயத்தைக் கூறவேண்டும். அதன் 48ஆம் வசனம் முதல், காற்று அனுப்பப்படுவதும், மேகம் கிளர்ந்து பரவுவதும், அதன் நடுவிலிருந்து மழை வெளிப்படுவதும், நம்பிக்கை இழந்திருந்த மாந்தர் மகிழ்வதும், இறந்த நிலம் உயிர்பெறுவதும் கூறப்படுகின்றன. வேறொரு காற்று வீசிப் பயிர் மஞ்சளித்துப் போவதும் அங்கேயே சுட்டப்படுகிறது. அடுத்துச் சில வசனங்களிலேயே, 54ஆம் வசனத்தில், பலவீனத்தில் படைக்கப்பட்ட மனிதன் வலிமை பெறுவதும், மீண்டும் பலவீனமும் நரையும் அடைவதும் பேசப்படுகின்றன. ‘அல்ஹதீத்’ அத்தியாயத்தின் 20ஆம் வசனமும் இவ்வுலக வாழ்வை மழையில் தழைத்துப் பின் மஞ்சளித்துச் சருகாகும் பயிருக்கு உவமிக்கிறது. மழையையும் மனிதனின் வயதையும் அடுத்தடுத்து வைத்துக் காணும்படி நமக்குக் கற்பித்தது திருமறையே. திடலுக்கு முதியவரை அழைத்துச் செல்லும் ஒழுங்கின் பொருள் இங்கே ஓரளவு விளங்குகிறது. பசுமையும் மஞ்சளும் ஆகிய இரண்டையும் தம் உடம்பிலேயே கண்டவர் அவர். தம் வலிமையை நம்பி நிற்க இயலாதவர். கையேந்துதலின் உண்மைப் பொருளை அறிந்தவர்.

புதுக்கவிதை கொணர்ந்தது

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்க் கவிதை, யாப்பின் கட்டுகளைத் தளர்த்திக்கொண்டு தெருவுக்கு வந்தது. அந்த வருகையில் தேனிச் சீமைக்குப் பெரும் பங்குண்டு. போடிநாயக்கனூரை அடுத்த மீனாட்சிபுரத்தில் 1942இல் பிறந்து 2017இல் மறைந்த நா. காமராசன், ‘கறுப்பு மலர்கள்’ என்னும் தொகுதியால் புதுக்கவிதைக்குத் தனி முகம் தந்தார். சமூகம் ஒதுக்கி வைத்தோரைக் கவிதையின் நடுவில் கொணர்ந்து இருத்தினார்.

பெரியகுளத்தில் 1945இல் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் மு. மேத்தா. அவருடைய ‘கண்ணீர்ப் பூக்கள்’ 1974இல் வெளிவந்தபோது, கல்லூரி மாணவரின் கையில் பாடப்புத்தகத்தோடு கவிதைப் புத்தகமும் ஏறியது. கால்செருப்போடு பேட்டி காண்பது போலக் கவிதை எழுதியவர் அவர். நாள்தோறும் மிதித்து நடந்து வாசலில் கழற்றிவிடும் பொருளுக்கும் சொல்ல ஒரு கதை இருக்கக்கூடும் என்ற எண்ணம், கவிதையை அன்றாட வாழ்வின் பக்கம் திருப்பிய எண்ணமாகும். ‘நாயகம் ஒரு காவியம்’ வாயிலாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் புதுக்கவிதை நடையில் பாடியவரும் அவரே. ‘ஆகாயத்துக்கு அடுத்த வீடு’ என்னும் அவருடைய கவிதை நூலுக்கு 2006ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. வராக நதிக்கரையில் வளர்ந்த ஒரு முஸ்லிம் இளைஞர், வானத்தை அண்டை வீடாகக் கருதித் தம் நூலுக்குப் பெயர் சூட்டியதில் வியப்பில்லை. வானத்தோடு அண்டைவீட்டு உறவு கொண்டாடி, அதனோடு சண்டையும் சமாதானமுமாக வாழ்வதே இப்பகுதி மக்களின் வழக்கம்.

இவ்விருவராலும் பெரிய பொருள்களைப் பாடுவதற்கென்றிருந்த கவிதை மொழியில் சிறிய பொருள்களும் இடம் பெற்றன. அந்த வாயில் திறந்த பின்னரே, ஒரு கிழவரின் கைத்தடியும், அடுப்படியும், வெடித்த வயலும் மீண்டும் இலக்கியத்தின் நடுவீட்டுக்கு வர முடிந்தது. புறநானூற்றுக் கிழவர் ஊன்றிய தடியை, ஈராயிரம் ஆண்டு கழித்துப் புதிய எழுத்தாளர்கள் மீண்டும் கையில் எடுத்தனர்.

அணையில் அடங்கிய ஊர்கள்

1959 ஜனவரியில் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை திறக்கப்பட்டது. 71 அடி வரை நீர் தேக்கும் அந்த அணையால் கீழ்நாட்டு வயல்கள் பிழைத்தன. ஆனால் நீர் தேங்கிய இடத்திலும் ஊர்கள் இருந்தன, வீடுகள் இருந்தன, முன்னோரின் அடக்கத்தலங்கள் இருந்தன. அவ்வாறு பெயர்க்கப்பட்ட மெட்டூர் என்னும் சிற்றூரில் 1953இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தோடு வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்தவர் கவிஞர் வைரமுத்து. நாற்பதாண்டுக்குப் பின் 2001இல் ஆனந்த விகடனில் அவர் தொடராக எழுதிய ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ அந்த இழப்பின் கதையே. 2003ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருதை அது பெற்றது.

அக்கதையின் தலைவர் இளைஞரல்லர். பேயத்தேவர் என்னும் முதிய உழவர். பேரன் மொக்கராசுவோடும் வறண்ட மண்ணோடும் அவர் நடத்தும் நாள்களே நூல். உழுவதும், சமைப்பதும், மாட்டைப் பேணுவதும், வானத்தை அண்ணாந்து பார்ப்பதும் விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. வாழ்நாளெல்லாம் நீருக்காக ஏங்கிய மனிதரை இறுதியில் நீரே வந்து சூழ்கிறது. அணைநீர் ஊரை விழுங்குவதோடு அவர் கதையும் முடிகிறது.

லபீதின் வெள்ளம் தடயத்தை மீட்டது. வைகையின் நீரோ தடயத்தை மூடியது. ஆகவே இங்கே தடயத்தை மீட்கும் வேலையை எழுத்து ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. மழை செய்த பணியைப் பேனா செய்தது. ஒரு வயல் அழிந்தால் அதன் பரப்பு அரசுக் கணக்கில் ஏக்கராக நிற்கும். அந்த வயலில் எந்த மூலையில் முதலில் ஈரம் காயும் என்பதோ அதை உழுத கிழவரோடு போய்விடும். அந்தக் கிழவரைக் கதைத் தலைவராக்கியதால்தான் அந்நூல் ஓர் இழப்பின் வரலாறாகவும் நிலைக்கிறது.

பின்னர் 2012இல் நூலான ‘மூன்றாம் உலகப் போர்’ என்னும் புதினத்தில், உலகம் வெப்பமாவதையும் பருவம் பிறழ்வதையும் இதே உழவர் நாட்டில் வைத்து எழுதினார் அவர். பெரியாற்று அணை எழுந்த வரலாற்றை அ. வெண்ணிலா ‘நீரதிகாரம்’ என்னும் பெரும் புதினமாக ஆக்கினார். 2020களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து நூலாயிற்று அது. பஞ்சத்தில் தொடங்கிய பள்ளத்தாக்கின் நீர்க்கதை இவ்வாறு ஏட்டிலும் ஏறிவிட்டது.

ஒன்றையும் இங்கே மறவாமல் சொல்லவேண்டும். மலைக்கு இப்பால் உள்ளோர்க்கு வாழ்வாகும் நீர், அப்பால் உள்ளோர்க்கு அச்சமாகவும் இருக்கிறது. 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் பெரியாற்று அணையில் 142 அடி வரை நீர் தேக்க இசைவளித்தபோது நம் பக்கம் மகிழ்ச்சி பொங்கிற்று. 2018 ஆகஸ்டில் கேரளம் பெருவெள்ளத்தில் தத்தளித்தபோது அதே அணை அந்த அளவை எட்டியது. ஒரே மழைதான், ஒரு வீட்டில் துஆவின் பலனாகவும் மறு வீட்டில் துயரமாகவும் இறங்கியது. மதீனாவிலும் இது நடந்ததே. ஜுமுஆ நாளில் ஒருவர் மழைக்காகத் துஆ செய்யும்படி நபிகளாரிடம் வேண்டினார், மழை பெய்தது, அடுத்த ஜுமுஆவில், சொத்துகள் அழிகின்றன, மழை நிற்கத் துஆ செய்யுங்கள் என்னும் வேண்டுகோளும் எழுந்தது. அண்ணலார் தங்களைச் சுற்றிலும் பெய்யட்டும், தங்கள் மேல் வேண்டா என்று இறைஞ்சினார்கள். மழையைச் சாபமாகக் கூறாத நாவு அது. நம் எழுத்தாளர்க்கும் அந்த நிதானம் வேண்டும்.

நம் வீட்டு முதியோர்

இனி, நம்மவரைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் பெரியகுளத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் ராவுத்தர் குடும்பங்கள் பல. உழவும் வணிகமும் அவர்கள் தொழில். உத்தமபாளையத்தில் 1956இல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி எழுந்ததும் இச்சமுதாயத்தின் கொடையாலேயே. இவ்வீடுகளின் திண்ணைகளிலும் முற்றங்களிலும் எத்தனை மழைக்காலம் கழிந்திருக்கும்!

கடலோரத்துத் தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான், ‘சாய்வு நாற்காலி’ என்னும் புதினத்துக்காக 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். அதன் முஸ்தபாக்கண்ணு, பழம்பெருமை பேசிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்க, அவரைச் சுற்றி மூதாதையர் வீடு பொருள் பொருளாகக் கரைந்து போகிறது. பேயத்தேவர் உழைத்தும் இழக்கிறார். முஸ்தபாக்கண்ணு உழைக்காமலே இழக்கிறார். இருவரையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு முதுமையின் இரு முகங்கள் விளங்கும். கடலோர முஸ்லிம் வீடு இவ்வாறு தமிழ்ப் புனைகதையில் முழு உருவோடு நிற்கிறது. வாய்க்காலோர முஸ்லிம் வீடும் அவ்வாறு நிற்க வேண்டும் என்பது நம் ஆசை. நெல் அவிக்கும் புகையும், திராட்சைப் பந்தலின் நிழலும், நோன்புக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் சிறுவரும், மழை வருமுன் மாடியில் உலர்ந்த மிளகாயை அள்ள ஓடும் பெண்டிரும் கதைகளில் இறங்க வேண்டும்.

இதில் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் வீட்டில் ஒரு நன்னி இருந்தார்கள். எழுதப் படிக்க அறியாதவர்கள். அரபுத் தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள். வைகாசி முடிவில் ஒரு மாலை, முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து, “காத்து குளுந்து வருதுத்தா. மேக்க மழ விழுந்திருச்சு. இனி வாய்க்கால்ல தண்ணி விட்ருவாங்க” என்றார்கள். வானில் மேகமே இல்லை. நாம் சிரித்தோம். சில நாள்களில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. எறும்பு முட்டையோடு மேட்டில் ஏறுவதையும், தட்டான் தாழப் பறப்பதையும் கண்டு மழையை அறிந்தவர்கள் அவர்கள். காற்றின் எந்தக் குளிரைக் கொண்டு மலைக்கு அப்பால் பெய்த மழையை அறிந்தார்கள் என்று நாம் கேட்டதில்லை.

அதன் பிறகு பல ஆண்டுகள் லபீதின் கவிதையை மாணவர்க்கு நடத்தினோம். மினா, கவ்ல், ரிஜாம் என்று, ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் அழிந்த அரபுக் குடியிருப்பு எவ்வெவ்விடங்களில் இருந்தது என்பதை மனப்பாடமாகச் சொல்வோம். நன்னி பிறந்த வீடு எந்த வாய்க்கால் ஓரத்தில் இருந்தது என்று ஒரு மாணவர் கேட்டிருந்தால் நம்மிடம் விடை இல்லை. நன்னி மவுத்தாகி நெடுநாளாயிற்று. கேட்க வேண்டியவர்கள் இருந்தபோது நமக்குக் கேள்வி தோன்றவில்லை. கேள்வி தோன்றியபோது அவர்கள் இல்லை. இக்கட்டுரை எழுத நேர்ந்ததும் அந்த வருத்தத்தாலேயே.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பருவங்கள் பழைய ஒழுங்கில் வருவதில்லை என்பதை எல்லாரும் பேசுகிறோம். கருவிகள் மழையை அளக்கின்றன. செய்கோள்கள் மேகத்தைப் படம் பிடிக்கின்றன. அவை நமக்கு வேண்டியவையே. ஆனால் ஒரு பெருமழை நாளில் அடுப்பை எப்படிக் காத்தார்கள், பஞ்ச காலத்தில் குழந்தைக்கு எதை ஊட்டினார்கள், வாய்க்கால் வற்றிய ஆண்டில் எந்தத் திருமணம் தள்ளிப் போயிற்று என்பவற்றை எந்தக் கருவியும் குறித்து வைக்காது. அவை முதியோர் நினைவில் மட்டுமே உள்ளன. அந்த நினைவிலிருந்தே வைகை நாட்டின் இதிகாசம் பிறந்தது. நம் வீட்டுத் திண்ணையிலும் அத்தகைய இதிகாசம் ஒன்று, கேட்பாரின்றி, தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு அமர்ந்திருக்கலாம்.

எனவே நம் இளைஞர்களுக்கும், வீட்டில் எழுதும் பழக்கமுள்ள சகோதரிகளுக்கும் ஒன்று சொல்வோம். கவிதையோ கதையோ எழுத வேண்டும் என்ற ஆவல் உண்டானால், கருப்பொருளைத் தேடித் தொலைவுக்குப் போக வேண்டா. அத்தாவின் அருகிலோ நன்னியின் அருகிலோ ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அரைமணி நேரம் அமருங்கள். “நீங்கள் கண்ட பெரிய மழை எது?” என்று முதலில் கேளுங்கள். அவர்கள் மழையில் தொடங்கி, வீட்டில் நடந்து, பஞ்சத்தில் நின்று, இறந்துபோனவர்களின் பெயர்களில் வந்து முடிப்பார்கள். அவர்கள் சொன்ன சொல்லையே, அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அழகுபடுத்துவதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

மழை வேண்டித் திடலுக்குப் போகும் நாளில் மட்டும் முதியவரைத் தேடுவது போதாது. மழை பெய்து வயல் நிறைந்திருக்கும் நாளிலும் அவர் அருகே சென்று அமர வேண்டும். நரையும் தளர்ச்சியும் அல்லாஹ் வைத்த பருவங்களே. மழைக்காலம் வந்து போவதை நாம் தடுக்க முடியாது. ஆனால் ஓடும் நீரில் ஒரு குடம் முகந்து வைக்க முடியும். அவ்வளவு செய்தாலே, அடுத்து வரும் தலைமுறை நம்மிடம் கேட்கும்போது சொல்ல நம்மிடம் ஒரு விடை இருக்கும், இன்ஷா அல்லாஹ்.